கணக்கு யந்திரத்தை நம்பலாமா?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில், பசிபிக் கடலை ஒட்டி லா ஹோயா என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ஜெஃப்ரி சாங் என்ற இளம் விஞ்ஞானி 2001-ம் வருஷம் ஒரு பெரிய காரியத்தைச் சாதித்துவிட்டார் என்று எல்லோரும் கொண்டாடினார்கள்.

நம் உடம்பிலும் சரி, கிருமியின் உடம்பிலும் சரி, உயிரணுவின் மேலுறையில் சில புரதங்கள் உண்டு. வாசற்காவலனைப்போல நின்றுகொண்டு, உள்ளே வேண்டாத சரக்கை வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. சில சமயம் நாம் நோய்க்குச் சாப்பிடும் மருந்தையும் வேண்டாத சரக்கு என்று எண்ணித் தள்ளிவிடும்! மருந்துக்கு மசியாத வியாதிகள் பலவற்றுக்கு இது ஒரு காரணம். கிருமியிலுள்ள அத்தகைய புரதம் ஒன்றின் உருவத்தைத்தான் சாங் கண்டறிந்து 'சயன்ஸ்' பத்திரிகையில் வெளியிட்டார். அதைத் தொடர்ந்து மேலும் பல கட்டுரைகள் வந்தன. இளம் விஞ்ஞானிகளுக்கு ஜனாதிபதியின் பெயரால் வழங்கப்படும் விருதும் அவரைத் தேடி வந்தது.

2006-ல் சுவிட்ஸர்லாந்தில் ஜூரிச் நகரத்து விஞ்ஞானிகள் இருவர், அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு புரதத்தின் உருவத்தை வெளியிட்டார்கள். அண்ணன் தம்பி போல இருக்கவேண்டிய இரண்டு உருவங்களுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சாங் தம்முடைய கணக்கை ஆதியிலிருந்து திருப்பிப் பார்த்தார். குற்றவாளி அகப்பட்டான். அது ஒரு சின்னஞ்சிறு கம்ப்யூட்டர் புரோகிராம். வேறோர் ஆய்வுக்கூடத்திலிருந்து கைமாறி வந்த அந்தப் புரோகிராம், சோதனையில் அளந்த எண்களில் இரண்டு பத்திகளை இடம் மாற்றிப் போட்டிருந்தது. அதனால் கூட்டல் குறி கழித்தல் குறியாகிவிட்டது. அதன் மேல் கட்டிய உருவம் முழுவதும், வலது கைக்குப் பதில் இடது கையை வரைந்ததுபோல, தலைகீழாய்ப் போயிற்று.

அந்த வருஷம் டிசம்பரில் சாங் ஐந்து கட்டுரைகளை வாபஸ் வாங்கிக்கொண்டார். தவறு நேர்ந்த விதத்தைத் தாமே எழுதி வெளியிட்டார் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால், இடைப்பட்ட ஐந்து வருஷங்களில் சரியான விடையைக் கண்டவர்கள் சிலர், 'சாங்கின் படத்தோடு உங்கள் முடிவு ஒத்துவரவில்லையே' என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் இழந்த காலத்துக்கு யார் ஈடு கொடுப்பது?

ஒரு சோறு பதம் போதாது

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அரிசிக்கு அது சரி, புரோகிராமுக்குச் சரிப்படாது. யந்திரம் செய்யவேண்டிய வேலையைப் படிப்படியாக எழுதிவைத்த கட்டளைத் தொடர்தான் புரோகிராம். ஆயிரம் கட்டளைகளில் 999 பிசகில்லாமல் இருந்து, மிச்சம் ஒன்று ஏதோ ஒரு மூலையில் தவறாக உட்கார்ந்திருக்கலாம். திங்கட்கிழமை போட்ட கணக்கு அந்த மூலைக்குப் போயிருக்காது. விடை சரியாக வந்திருக்கும். செவ்வாய்க்கிழமைக் கணக்கு அங்கே போய்த் தடுக்கி விழும். விழுந்த சத்தம்கூடக் கேட்காது. தப்பான விடையும் சரியான விடையைப்போலவே எட்டு ஸ்தானம் வரை சுத்தமாக அச்சாகி வந்து நிற்கும்.

இந்தத் தவற்றை யார் கண்டுபிடிப்பது? புரதத்தின் நுட்பம் அறிந்தவருக்குப் புரோகிராமின் உள் விவகாரம் தெரியாது. புரோகிராம் எழுதுகிறவருக்கு, வந்திருக்கும் உருவம் வலதா இடதா என்று தெரியாது. இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசினால்தான் வழி பிறக்கும். இதை முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே இங்கிலாந்தில் ஒரு சர்வகலாசாலையில் செய்து காட்டியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அங்கேயும் விவகாரம் புரதத்தின் உருவம் பற்றியதுதான்.

கொடியில் தொங்கிய கணக்குகள்

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கணித ஆய்வுக்கூடத்தில், மாரிஸ் வில்க்ஸ் என்பவரின் தலைமையில், எட்ஸாக் என்ற யந்திரத்தைக் கட்டினார்கள். 1949-ம் வருஷம் மே மாதம் 6-ந் தேதி அது தன் முதல் கணக்கைப் போட்டது. 0 முதல் 99 வரையுள்ள எண்களின் வர்க்கங்களை வரிசையாக அச்சடித்துக் கொடுத்தது. பள்ளிக்கூடப் பையன் போடும் கணக்குத்தான்! ஆனாலும் கூடியிருந்தவர்களுக்குப் பிரமாத சந்தோஷம். சுமார் 3,000 வால்வுகள் கொண்ட அந்த யந்திரம் ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. எண்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்வதற்குப் பாதரசம் நிரப்பிய நீண்ட குழாய்கள். விநாடிக்குச் சுமார் 650 கட்டளைகளை அது நிறைவேற்றும். இன்று நம் சட்டைப் பையில் கிடக்கும் டெலிபோன் இந்த வேகத்தைக் கேட்டால் சிரிக்கும்.

உலகத்திலேயே வேகமான யந்திரத்தைக் கட்டிப் பெயர் வாங்கவேண்டும் என்று வில்க்ஸ் ஆசைப்படவில்லை. சர்வகலாசாலையிலுள்ள வானசாஸ்திரிக்கும், ரசாயன நிபுணருக்கும், ஜீவசாஸ்திரிக்கும் சீக்கிரமாக உபயோகப்படக்கூடிய ஒரு யந்திரம் இருந்தால் போதும் என்று நினைத்தார். இந்தப் புத்திசாலித்தனம்தான் கேம்பிரிட்ஜைத் தூக்கி நிறுத்தியது என்பது என் அபிப்பிராயம். யந்திரத்தைக் கட்டியவர்களும் கணக்கோடு வந்தவர்களும் தினந்தோறும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கும்படி ஆயிற்று.

ஒவ்வொருவரும் தம் புரோகிராமைக் காகித நாடாவில் துளைகளாகக் குத்திக்கொண்டு வருவார்கள். யந்திரத்துக்குப் பக்கத்தில் துணி உலர்த்துவதற்குக் கட்டுவதுபோல ஒரு கொடி கட்டியிருந்தது. நாடாவை அதில் தொங்கவிட்டுப் போகவேண்டும். யந்திரத்தை நடத்துகிறவர் ஒவ்வொரு நாடாவாக எடுத்து உள்ளே செலுத்துவார். விடை அச்சாகி வந்தால் நாடாவோடு சேர்த்துத் திருப்பிக் கொடுப்பார். வராவிட்டால், இன்ன இடத்தில் நின்றுவிட்டது என்று சொல்லுவார். யந்திரத்தோடு ஓர் ஒலிபெருக்கியையும் இணைத்திருந்தார்கள். கணக்கு ஓடும்போது அதிலிருந்து ஒரு சத்தம் வரும். பழகிய காது உள்ளவர்கள், நாட்டு வைத்தியர் நாடி பார்ப்பதுபோல, அந்தச் சத்தத்தைக் கேட்டே புரோகிராம் சுகமாக இருக்கிறதா, செக்கு மாடுபோல ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று சொல்லிவிடுவார்களாம். இரவில் அநுமதி பெற்ற சிலர் தாங்களே யந்திரத்தை ஓட்டலாம். ஏதாவது ஒரு வால்வு எரிந்துபோகும் வரையில் கச்சேரி நடக்கும்.

மாடிப்படியில் பிறந்த ஞானம்

யந்திரம் ஓட ஆரம்பித்த சில வாரங்களுக்குள் வில்க்ஸ் தாமே ஒரு நிஜமான கணக்குக்குப் புரோகிராம் எழுதினார். ஏரி என்ற பழைய வானசாஸ்திரி, வானவில்லில் ஒளி எப்படிப் பரவுகிறது என்பதை ஆராயப்போய்க் கண்ட ஒரு சமன்பாடு அது. மொத்தம் 126 வரிகள். வில்க்ஸ் கணிதம் படித்தவர்; யந்திரத்தின் ஒவ்வொரு கம்பியும் அவருக்குத் தெரியும். அவரே எழுதியது சரியாகத்தானே இருக்கும்? இல்லை! பல வருஷங்களுக்குப் பின் அந்தப் பழைய நாடா ஒன்று அகப்பட்டது. சரித்திர ஆசிரியர் ஒருவர் அதை வரி வரியாகப் படித்துப் பார்த்தார். 126 வரியில் 20 பிழைகள்!

யந்திரம் இருந்த அறைக்கும் நாடா குத்தும் அறைக்கும் இடையே படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது வில்க்ஸுக்கு ஓர் உண்மை பளிச்சென்று பட்டதாம். இனித் தம் ஆயுளில் ஒரு நல்ல பகுதி, தாமே எழுதும் புரோகிராம்களில் தாமே செய்யும் பிழைகளைத் தேடுவதில்தான் கழியப்போகிறது என்பதே அது. யந்திரத்தைக் கட்டி முடித்தால் வேலை முடிந்தது என்றுதான் அதுவரையில் எல்லோரும் எண்ணியிருந்தார்கள்.

வேறொருவராக இருந்தால் இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டிருப்பார். வில்க்ஸோ தம் சீடர்களான டேவிட் வீலர், ஸ்டான்லி கில் இருவரையும் வைத்துக்கொண்டு பரிகாரம் தேடினார். எல்லோருடைய கணக்கிலும் திரும்பத் திரும்ப வரும் வேலைகள் உண்டு. வகுத்தல், வர்க்கமூலம் காணுதல், விடையை அச்சடித்தல் போன்றவை. இவற்றை ஆளுக்கு ஆள் புதிதாக எழுதி ஆளுக்கு ஆள் புதிதாகத் தவறு செய்வானேன்? ஒரே தடவை, தேர்ந்தவர் ஒருவர் எழுதி, நன்றாகச் சோதித்து, எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிட்டால்? அப்படிப் பிறந்ததுதான் உப புரோகிராம்களின் நூலகம். பெரிய புரோகிராம் ஒன்று வேலையின் நடுவே இந்த உப புரோகிராமுக்குத் தாவி, காரியம் முடிந்ததும் விட்ட இடத்துக்கே திரும்பி வரும் உபாயத்தை வீலர் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

ஓர் இரும்பு அலமாரியில் அந்த நாடாக்கள் வரிசையாக இருந்தன. வேண்டியவர்கள் எடுத்து, கையால் அல்ல, யந்திரத்தாலேயே நகல் எடுத்துத் தங்கள் நாடாவில் சேர்த்துக்கொள்ளலாம். கைப்பிழைக்கு இடமே இல்லை. 1951-க்குள் 87 உப புரோகிராம்கள் சேர்ந்துவிட்டன. அவற்றில் ஒரு வகை, மற்றப் புரோகிராம்களில் பிழை தேடுவதற்கென்றே எழுதப்பட்டது. தவறுகளைக் கண்டுபிடிக்கும் முறை பற்றிக் கில் எழுதிய கட்டுரையை அதே வருஷம் ராயல் சங்கம் வெளியிட்டது. மூவரும் சேர்ந்து எழுதிய புத்தகமும் அந்த வருஷந்தான் வந்தது. புரோகிராம் எழுதுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்த முதல் பாடப்புத்தகம் அதுவே. நூலகத்தின் சரக்கு முழுவதையும் அதில் கொட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

கை சுழற்றிய கணக்கு

நடுவில் ஒரு விசித்திரம். நரம்பில் செய்தி எப்படி ஓடுகிறது என்பதை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாட்கின், ஹக்ஸ்லி என்ற இருவர் அதே கேம்பிரிட்ஜில் இருந்தார்கள். தங்கள் சமன்பாடுகளை எட்ஸாக்கிடம் கொடுக்கலாம் என்று அவர்கள் வந்தபோது, யந்திரம் பல மாத காலம் பழுதுபார்ப்புக்கும் மாற்றத்துக்குமாக நிறுத்தப்பட்டிருந்தது. ஆண்ட்ரூ ஹக்ஸ்லி காத்திருக்கவில்லை. கைப்பிடியைச் சுழற்றிக் கூட்டும் பிரன்ஸ்விகா என்ற மேஜைக் கருவியை வைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் சுழற்றியே கணக்கை முடித்தார். 1963-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கையால் சுழற்றியதில் ஒரு லாபம் உண்டு. ஒவ்வோர் எண்ணும் அவர் கண் முன்னால் போயிற்று. எங்கேயாவது ஓர் எண் துள்ளினால் கை தானே நின்றுவிடும். யந்திரம் வேகத்தைக் கொடுத்தது. அந்தக் கண்காணிப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதனால்தான் கண்காணிப்பையும் புரோகிராமுக்குள்ளேயே எழுதவேண்டி வந்தது.

திமிங்கிலத்தின் தசை

அதே ஊரில் ஜான் கெண்ட்ரூ என்பவர் மயோகுளோபின் என்னும் புரதத்தை ஆராய்ந்து வந்தார். தசைக்குள் பிராணவாயுவைச் சேமித்து வைக்கும் புரதம் அது. வெகு நேரம் மூச்சடக்கி நீருக்குள் இருக்கும் திமிங்கிலத்தின் தசையில் அது நிறைய உண்டு. புரதத்தைப் படிகமாக்கி, அதன் மீது எக்ஸ்-ரே கதிரைச் செலுத்தினால் படத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகளின் கருமையை அளந்து, கணக்குப் போட்டு, புரதத்தின் உருவத்தை வரவழைக்கவேண்டும். சாங் செய்ததும் இதே வேலைதான்.

கெண்ட்ரூ புரோகிராம் எழுதும் வித்தையைத் தாமும் கற்றுக்கொண்டார். ஆனால் அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து வில்க்ஸிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஜான் பென்னெட் என்பவரோடு கூட்டுச் சேர்ந்தார். படிகத்தின் கணக்கை யந்திரத்தில் போடும் முறையை இருவருமாக வகுத்து 1952-ல் வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையில் யந்திரம் தெரிந்த பென்னெட்டின் பெயர் முதலிலும், படிகம் தெரிந்த கெண்ட்ரூவின் பெயர் இரண்டாவதாகவும் இருக்கிறது. சின்ன விஷயம்தான், ஆனால் கவனிக்கத் தக்கது. 'கணக்குப் போட்டுக் கொடுத்த நண்பருக்கு நன்றி' என்று கடைசி வரியில் ஒதுக்கிவிடவில்லை.

1958-ல் மயோகுளோபினின் முதல் உருவம் மங்கலாக வெளிவந்தது. அதற்குச் சுமார் 400 புள்ளிகள் போதுமாயிருந்தன. இன்னும் தெளிவாகப் பார்ப்பதற்குச் சுமார் 10,000 புள்ளிகள் வேண்டியிருந்தது. எட்ஸாக்கின் வாரிசான இரண்டாவது யந்திரம் அதற்குக் கை கொடுத்தது. 1960-ல் அந்தத் தெளிவான உருவம் வெளியாயிற்று. 1962-ல் கெண்ட்ரூவும் அவருடைய சகா மாக்ஸ் பெருட்ஸும் ரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஓர் ஊர் எழுத, வேறோர் ஊர் சோதிக்க

கேம்பிரிட்ஜ் நூலகம் ஓர் அலமாரிக்குள் அடங்கியது. ஒரே யந்திரத்துக்காக எழுதப்பட்டது. யந்திரங்கள் பெருகியதும் புதுச் சங்கடம் முளைத்தது. ஒரு கம்பெனியின் யந்திரத்தில் சரியாக ஓடுவது மற்றொன்றில் தடுமாறும். எந்த யந்திரமும் ஓர் எண்ணை இத்தனை ஸ்தானம் என்று வெட்டித்தான் வைத்துக்கொள்ளும். வெட்டி எறிந்த துணுக்குகள் கோடிக்கணக்கான கூட்டல்களில் சேர்ந்து மலையாகிவிடலாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1991-ம் வருஷம் பிப்ரவரி 25-ந் தேதி, வளைகுடா யுத்தத்தின்போது, சவூதி அரேபியாவில் தஹ்ரான் என்ற இடத்தில் அமெரிக்கப் படையின் பேட்ரியட் ஏவுகணைக் காவல் யந்திரம் எதிரியின் ராக்கெட்டைக் கோட்டை விட்டது. 28 சிப்பாய்கள் மாண்டார்கள். ஒரு விநாடியில் பத்தில் ஒரு பாகம் என்ற எண்ணை அந்த யந்திரத்தின் கணக்கு முறையில் முழுமையாக எழுத முடியாது. வெட்டிய துணுக்கு மிகச் சிறியது. ஆனால் 100 மணி நேரம் ஓய்வில்லாமல் ஓடியதில் அது 0.34 விநாடி வரை ஏறிவிட்டது. அதற்குள் ராக்கெட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் தாண்டிப் போய்விடும்.

இந்தத் துணுக்குகளின் குணத்தை அளந்து சொன்னவர் இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வில்கின்ஸன். அவருடைய முறைகளை எல்லா யந்திரங்களிலும் ஓடும்படி திருத்தி எழுத 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு கூட்டு முயற்சி நடந்தது. ஆர்கான் ஆய்வுக்கூடம், டெக்ஸாஸ் சர்வகலாசாலை, ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலை மூன்றும் சேர்ந்தன. நல்ல கணிதப் புரோகிராமைத் தயாரித்து, சோதித்து, விநியோகிக்க எவ்வளவு உழைப்பும் பணமும் பிடிக்கும் என்று பார்ப்பதே அவர்களுடைய நோக்கம். பல ஊர்களிலுள்ள பலவகை யந்திரங்களில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஐஸ்பேக் என்ற தொகுப்பை வெளியே விட்டார்கள். 'தவறு கண்டால் எழுதுங்கள், உடனே கவனிக்கிறோம்' என்ற உறுதியும் கூடவே சென்றது.

இங்கிலாந்திலும் 1970-ல் நாட்டிங்ஹாம் உள்ளிட்ட சில சர்வகலாசாலைகள் சேர்ந்து நாக் என்ற நூலகத்தைத் தொடங்கின. ஒருவர் எழுதியதை வேறொருவர் சோதித்துத் தேர்வு செய்வது அங்கே சட்டம். எழுதியவரே சோதித்தால், தான் வைத்த குழம்புக்குத் தானே ருசி சொல்வதுபோலத்தானே!

தரை நகர்ந்தால்?

சோதித்து வைத்துவிட்டால் என்றென்றைக்கும் கவலை இல்லையா? 2014-ல் அமெரிக்க ரசாயன நிபுணர்கள் சிலர், ஒரு பொருளின் அணு அமைப்பைக் கண்டறிய உதவும் சிறு புரோகிராமைப் பலருக்கும் பயன்படட்டும் என்று வெளியிட்டார்கள். ரசாயன ஆராய்ச்சியாளர்கள் நிறையப் பேர் அதை எடுத்து உபயோகித்தார்கள். 2019-ல் ஹவாய் சர்வகலாசாலையில் அதை ஓட்டியபோது, ஒரே சரக்குக்கு ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒவ்வொரு விடை கொடுத்தது! பைல்களை அகராதி வரிசையில் யந்திரமே எடுத்துத் தரும் என்று அந்தப் புரோகிராம் நம்பியிருந்தது. எழுதிய காலத்து யந்திரங்கள் அப்படித்தான் தந்தன. வேறு சில யந்திரங்கள் தங்கள் இஷ்டப்படி தந்தன. வரிசை மாறியதும் கணக்கும் மாறிவிட்டது. புரோகிராம் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. அது நின்ற தரைதான் நகர்ந்துவிட்டது.

ஆகவே புரோகிராமுக்குக் கட்டியவர் மட்டும் போதாது. வீட்டுக்கு ஓடு மாற்றுகிறவர்போல, வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? சர்வகலாசாலையில் கட்டுரை எழுதினால் பதவி உயர்வு உண்டு. பத்து வருஷம் ஒரு புரோகிராமைப் பழுதில்லாமல் காப்பாற்றினால் எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று குமாஸ்தாவுக்கே தெரியாது. பேராசிரியரும் அல்லாமல், சிப்பந்தியும் அல்லாமல், இரண்டுங்கெட்டானாக இவர்கள் இருந்து வந்தார்கள்.

2012-ல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய ஒரு கூட்டத்தில் இவர்களுக்கு ஒரு பெயராவது வைப்போம் என்று தீர்மானித்தார்கள். 'ஆராய்ச்சி மென்பொருள் பொறியாளர்' என்பது அந்தப் பெயர். எடின்பரோ, மான்செஸ்டர், ஆக்ஸ்ஃபோர்டு, சௌதாம்ப்டன் சர்வகலாசாலைகளைச் சார்ந்த, 2010-ல் தொடங்கிய ஒரு நிலையம் இதற்குத் துணை நின்றது. 2019-ல் இவர்களுக்கென்று பிரிட்டனில் முறைப்படி ஒரு சங்கமும் பிறந்தது. பௌதிகமோ ஜீவசாஸ்திரமோ படித்துவிட்டுப் புரோகிராமில் தேர்ந்த இவர்கள், ஒரு நாள் கடல் ஆராய்ச்சிக்காரரோடும் மறுநாள் மருத்துவரோடும் உட்காருகிறார்கள். பல இடங்களில் இவர்களுடைய சம்பளம் இரண்டு மூன்று வருஷ மான்யத்திலிருந்து வருகிறது. மான்யம் முடிந்ததும் ஆள் வேறு வேலை தேடிப் போய்விடுகிறார். அதற்கு மறுநாள் அந்தப் புரோகிராமை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்குத்தான் பல சர்வகலாசாலைகளில் இன்னும் பதில் இல்லை.